தொட்டி மண்

போனாலு அம்மன் திருவிழா முடிந்த வாரம் அது. ராணிகஞ்ச் ரோட்டோரமெல்லாம் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் மழைச் சேற்றோடு கலந்து கிடந்தன. துப்பாக்கிக் கடையின் பின்னறையில், ஜன்னலுக்கு நேராகப் போட்டிருந்த மேஜையில், சிவஞானம் யாரோ ஒரு மேதக் பக்கத்து விவசாயியின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். முன்னால் கல்லாவிலிருந்து முதலாளி ஷ்யாம் சேட் குரல் கொடுத்தார்.

"சிவா பாய், ஆப்கே மாமா ஆயே."

நாராயணசாமி குடையை மடக்கித் தண்ணீரை உதறிவிட்டு உள்ளே வந்தார். எழுபத்தொன்பது வயது. தேய்த்த முழுக்கைச் சட்டை, பெல்ட், பாலிஷ் போட்ட செருப்பு. சனத்நகரில் ஒரு மெஷின் கம்பெனியின் டூல் ரூமில் முப்பத்திரண்டு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர் இன்னமும் வேலைக்குப் போகிறவர் மாதிரிதான் உடுத்துவார். அன்றைக்குச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் ஓட்டை மாறிப் போயிருந்தது.

"இன்னாடா சிவா, கண்ணு தெரியுதா இன்னும்?"

"தெரியுது மாமா. உக்காருங்க. டீ சொல்லவா?"

"நக்கோ. வூட்ல குடிச்சிட்டுத்தான் வந்தேன்." கையிலிருந்த துணிப்பையை மேஜைமேல் வைத்தார். "இத்தப் பாரு மொதல்ல."

சிவஞானம் பையிலிருந்த பழைய துண்டைப் பிரித்தார். அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்த ரிவால்வர் அது. நாராயணசாமியின் அப்பா கண்டோன்மென்டில் கான்ட்ராக்ட் எடுத்த காலத்தில் வாங்கியது. இங்கிலாந்தில் செய்தது, நடுவில் மடித்துத் திறக்கிற மாதிரி. லைசென்ஸோடு மகன் கைக்கு வந்து, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எண்ணெய் துடைத்து, கருநீலமாக மினுமினுத்தபடி இருக்கும். இப்போது துண்டில் கிடந்தது ஒரு செங்கல் நிறக் கட்டி. சிலிண்டர் சுற்றவில்லை. குண்டை அடிக்கிற ஹேமர் அசையவில்லை. கைப்பிடி மரம் உப்பி வெடித்திருந்தது.

"இது எப்டி மாமா இப்பிடி ஆச்சு?"

நாராயணசாமி ஜன்னலைப் பார்த்தார். "பீரோவுலதான் இருந்தது." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஈரம். இந்த வருசம் ஈரம் ஜாஸ்தி" என்றார்.

"ஈரத்துக்கு இவ்ளோ ஆகாதே."

"டூல் ரூம்காரன் கிட்டியே துருவப் பத்திப் பேசறியா நீ? செப்டம்பர்ல லைசென்ஸ் ரினீவல். போலீஸ் ஸ்டேஷன்ல இந்த பீஸைக் காட்டணும். அப்பா பொருள்டா. பளபளன்னு பண்ணிக் குடு. வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

சேட் ரிஜிஸ்டரில் நம்பரைப் பதிந்து கையெழுத்து வாங்கினார். குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கியவரைக் கூப்பிட்டு சிவஞானம் குடையைக் கொடுத்தார்.

அந்தக் குடும்பத்துக்கு சிவஞானம் உறவில்லை. ஆனால் உறவுக்கும் மேலே. இரண்டு குடும்பமும் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து திருமுல்கேரியில் தங்கியவர்கள். சிவஞானம் ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்க்கிற வேலையில் சேர்ந்து ஜபல்பூரில் இருந்தபோது, இங்கே கலவரத்தால் ஊரடங்கு. ரோட்டில் ஈ காக்கை இல்லை. மனைவி சாவித்ரிக்கு அன்று காலையில் பிரசவ வலி எடுத்துவிட்டது. வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. நாராயணசாமிதான் தன் ஃபியட்டை எடுத்து, பின்சீட்டில் சாவித்ரியையும் துணைக்குத் தன் மனைவி கனகத்தையும் ஏற்றி, இந்த ரிவால்வரைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினார். பிறந்தவள் அஸ்வினி. அவளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள்.

அன்று சாப்பிடும்போது சொன்னதும் சாவித்ரிக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

"தொடைக்கு அடியில வெச்சிக்கினு ஓட்டினாரே, அதுவா?"

"அதேதான்."

"நல்லா பண்ணிக் குடு." கோங்குராத் துவையலைச் சோற்றில் போட்டுக் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். "அவரு இப்பல்லாம் ஒருமாதிரி இருக்காரு, கவனிச்சியா? போன வாரம் லால் பஜார்ல பாத்தேன். அஸ்வினி ஸ்கூலுக்குப் போறாளான்னு கேட்டாரு. நான் ஹவ், ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சிவஞானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் நினைப்பெல்லாம் அந்தத் துருவில் இருந்தது. பீரோவில் பூக்கிற துரு மேலாக, பொடியாக, ஒரே சீராகப் பூக்கும். துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பாதி வந்துவிடும். இது அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விட்டிருந்தது. மண்ணில் படுத்த இரும்புதான் அப்படி ஆகும்.

முதல் மூன்று நாள் அதை மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்த தட்டில் ஊறப் போட்டார். நாலாம் நாள் மேல் தாழ்ப்பாளை மரச்சுத்தியலால் பதமாகத் தட்டித் தட்டித் திறந்தார். அது நோயாளி மூட்டு மாதிரி முனகிக்கொண்டு மடிந்தது. பேரல் முழுக்க மண் அடைத்திருந்தது. செம்மண்ணும் சாணி உரமும் கலந்த மண். அதில் முட்டை ஓட்டுத் துணுக்கு இரண்டு. சிலிண்டரின் ஆறு துளைகளிலும் அதே மண்தான், மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகக் கிண்டினார். மூன்றாவது துளையிலிருந்து தலைமயிர் மாதிரி ஒரு வேர் வந்தது. கிள்ளி முகர்ந்து பார்த்தார். கறிவேப்பிலை வாசம்.

ஐந்தாவது துளையில் குச்சி பாதியிலேயே நின்றது. எண்ணெய் விட்டுத் துடைத்தபோது அடியில் பச்சைக் களிம்பு ஏறிய பித்தளை தெரிந்தது. தோட்டா. வெடிக்காத தோட்டா.

சிவஞானம் கையை எடுத்துவிட்டார். இருபது வருஷம் பட்டாளம், பதினாறு வருஷம் இந்த மேஜை. இத்தனை வருஷத்தில் அவர் கைப்பட்ட எந்த ஆயுதமும் அவரை இப்படி எழுந்து நிற்க வைத்ததில்லை. வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. திரும்பி வந்து தோட்டாவைப் பக்குவமாக வெளியே எடுத்து, சேட்டிடம் கொடுத்து, ரிஜிஸ்டரில் எழுத வைத்தார்.

"ரொம்பப் பழசு?" என்றார் சேட் தனக்குத் தெரிந்த தமிழில்.

"பழசு இல்ல சேட். போன வருசம் நம்ம கடையில வாங்கினதுதான்."

அதன்பிறகு அவர் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் யோசிக்கவேண்டி வரும். ஒவ்வொரு ஸ்குரூவாக இறக்கினார். தலை தேய்ந்தவற்றுக்குப் பதிலாக லேத்தில் புதிதாகக் கடைந்தார். குழி விட்ட இடங்களை எண்ணெய்க் கல்லால் நாள்கணக்காக இழைத்தார். பேரலின் மேல் இருந்த எழுத்துகள் அழிந்துவிடாமல் சுற்றிச் சுற்றி வேலை செய்ததில் விரல் நுனி மரத்துப்போனது. கைப்பிடிக்கு சிசு மரத்தில் ஒரு துண்டு தேடி எடுத்துச் செதுக்கினார். மழையும் விட்டபாடில்லை. மேஜை விளக்கைப் பகலிலேயே போடவேண்டியிருந்தது. நாராயணசாமி இரண்டு நாளைக்கு ஒருதரம் போன் பண்ணி, "மெயின் ஸ்ப்ரிங்கை டெம்பர் பண்ணினியா? சூடு காட்டறப்ப கலர் இன்னா வந்தது? வைக்கோல் கலர்ல எடுத்துடாதே, நீலம் வரணும்" என்று சொல்வார். சொல்வதெல்லாம் அச்சு அசலாகச் சரியாக இருக்கும். போனை வைத்துப் பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டு அதையே சொல்வார்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்குக் கனகம் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். புடவைக் கரையெல்லாம் சேறு. இந்தக் கடைக்குள் அவள் வருவது இதுதான் முதல்தரம். சுவரில் வரிசையாகச் சாய்த்திருந்த துப்பாக்கிகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடியே பின்னறைக்கு வந்தாள். டிபன் டப்பாவில் சிவஞானத்துக்குப் பிடித்த கத்திரிக்காய் கொத்சும் இட்லியும் கொண்டுவந்திருந்தாள்.

"சாப்புடுடா மொதல்ல."

"இன்னா அத்தை, நீங்க எதுக்கு மழையில..."

"அவரு தூங்கறாரு. பக்கத்து வூட்டுப் பொண்ண உக்கார வெச்சிட்டு வந்தேன். சீக்கிரம் போவணும்." மேஜைமேல் பிரித்துக் கிடந்த ரிவால்வரைப் பார்த்ததும் முக்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். "இத்த நீ பண்ணிடுவியா?"

"பாதிக்கு மேல ஆயிடுச்சு."

"பண்ணாத."

சிவஞானம் டப்பாவை மூடினார். "கறிவேப்பிலைத் தொட்டியில நீங்கதான் பொதைச்சீங்களா?"

கனகம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. எல்லாம் அழுது முடித்தவள் மாதிரிப் பேசினாள்.

"சித்திரையில ஒரு நாள்டா. காலையில எட்டு எட்டரை இருக்கும். குக்கர வெச்சிட்டு, வாசல்ல தண்ணி வந்துச்சேன்னு ரெண்டு கொடம் புடிச்சிக்கினு உள்ள வரேன். சாப்புடற டேபிள்கிட்ட சேர் போட்டு உக்காந்துக்கினு இருக்காரு. கையில இது. நேரா எனக்குக் காட்டி வெச்சிருக்காரு. 'யாரும்மா நீ? எப்படி உள்ள வந்த?'ன்றாரு. நான் வெளையாட்டுன்னு நெனச்சி, 'இன்னாங்க இது'ன்னு ஒரு அடி வெச்சேன். 'நவுந்தா சுட்ருவேன். கனகம் எங்க? கனகத்த இன்னா பண்ணின?'ன்றாரு."

"அத்தை..."

"கொடத்த எறக்கக்கூட இல்ல. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. அப்பிடியே நிக்கறேன். எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. கை மரத்துப் போச்சு. அவரு கை ஆடவே இல்லடா. காபி டம்ளரப் புடிச்சா அந்தக் கை ஆடுது, இத்தப் புடிச்சா ஆடல. அப்பறம் குக்கர் விசில் அடிச்சது. ஒரு ஒதறு ஒதறினாரு. என்னைப் பாத்து, 'கனகம், கேஸ ஆஃப் பண்ணு, மூணு விசில் ஆயிடுச்சு'ன்னாரு. இத்த டேபிள் மேல வெச்சிட்டுப் பேப்பர எடுத்துக்கினாரு. அவ்ளோதான்."

சேட்டின் ரேடியோ முன்னால் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்ரீகாந்துக்குச் சொன்னீங்களா?"

"பெத்த புள்ள, கச்சிபௌலியில இருந்துக்கினு தெனம் போன் பண்றான். எதுவும் சொல்லல. இத்தச் சொன்னா அப்பாவ எங்கனா ஹோம்ல கொண்டுபோய் வுட்டுடுவான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது, பிள்ளைங்க இருக்கிற வூடு. ஆனா அம்பத்தி நாலு வருசம்டா சிவா. எப்பிடி வுடறது?" முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "பொதைச்சிட்டு மறந்துட்டேன். அவரு தொட்டி மாத்தறேன்னு தோண்டிட்டாரு. எங்கேந்து எடுத்தார்னு அவருக்கே நெனப்பில்ல. ரிப்பேர் ஆவாதுன்னு சொல்டு."

"வேற கடைக்கு எடுத்துக்கினு போவாரு அத்தை. அவரு கண்ணு பொய்யக் கண்டுபுடிச்சிரும்."

"அப்ப நீயே யோசனை பண்ணு." எழுந்தவள் நின்று, கேட்கலாமா வேண்டாமா என்பது போலத் தயங்கினாள். "அன்னிக்கு அதுல குண்டு இருந்துச்சா? நான் பாக்கல. எனக்குத் தெறக்கத் தெரியாது."

"இல்ல அத்தை" என்றார் சிவஞானம். "மண்ணுதான் இருந்தது."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அந்த மனுசன் வெச்சிருக்க மாட்டாரு" என்றாள்.

அடுத்த நாலு நாளும் சிவஞானம் சரியாகச் சாப்பிடவில்லை. சாவித்ரி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். சேட்டிடம் சொன்னால் போலீசுக்கு ஒரு லெட்டர் போட்டுவிடுவார். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, தெரு பார்க்க, மாமாவை விசாரிப்பார்கள். சொல்லாமல் திருப்பிக் கொடுத்தால் இதே கடையில் தோட்டா வாங்க மாமாவுக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஐந்தாம் நாள், எல்லா உறுப்பும் பளபளவென்று மாட்டத் தயாராக இருந்தபோது, அவர் ஹேமரை மட்டும் எடுத்து வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கினார். தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்துகிற மூக்கு அதன் நுனியில் இருக்கிறது. நெல்மணி அளவுதான் அது. நைஸ் அரத்தை எடுத்து அந்த மூக்கைத் தேய்த்தார். ஏழெட்டு இழுப்பிலேயே வேலை முடிந்தது; இனி அது தோட்டாவை எட்டாது. ஆயுதத்தைச் சரி பண்ணுவதற்கே பழகிய கை அது. வைஸிலிருந்து ஹேமரை எடுத்து அரத்தூளை ஊதிவிட்டார். எல்லாவற்றையும் மாட்டி, கருநீலம் ஏற்றி, துடைத்து வைத்தார். பார்க்க அந்தக் காலத்து ஆயுத பூஜை ரிவால்வரேதான்.

ஆவணி முதல் செவ்வாய்க்கிழமை நாராயணசாமி வந்தார். அன்றைக்கு நல்ல நாள் அவருக்கு. பொத்தானெல்லாம் சரியாகப் போட்டிருந்தார். சேட்டிடம் அவர் பேரனின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். ரிவால்வரைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஷபாஷ்டா. இந்தக் கைப்பிடி... இது சிசுதானே? அப்பா பாத்தா கட்டிக்கினு இருப்பாரு."

மடித்துத் திறந்தார். சிலிண்டரைச் சுற்றிவிட்டுக் காதருகே வைத்துச் சத்தம் கேட்டார். ஜன்னல் வெளிச்சத்துக்குப் பேரலைக் காட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து டூல் ரூம் காலத்துக் கண்ணாடி லென்ஸை எடுத்துக் கண்ணில் சொருகிக்கொண்டு ஹேமரைப் பின்னுக்கு இழுத்தார். சிவஞானம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

நாராயணசாமி ரொம்ப நேரம் பார்த்தார். லென்ஸை எடுத்தார்.

"மூக்கு அரை மில்லி கம்மி."

சிவஞானம் மேஜைமேல் கிடந்த அரத்தை ஓரமாகத் தள்ளினார்.

"தேஞ்சு போனதில்ல இது. அரம் போட்டது. கோடு தெரியுது." குரலில் கோபம் இல்லை. "நீ தப்பு பண்றவன் இல்ல. வேணும்னே பண்ணியிருக்க. இன்னாத்துக்கு?"

"மாமா..."

"கனகம் வந்தாளா இங்க?"

"வந்தாங்க."

நாராயணசாமி ரிவால்வரைத் துண்டின்மேல் வைத்தார். "எனக்கு மறதி இருக்குதுடா. தெரியும். நடுவுல நடுவுல ஒண்ணுமே இல்லாம போவுது. அந்த நேரத்துல நான் எதுனா பண்ணினேனா? மறைக்காம சொல்லு. எங்கிட்ட வேற யாரும் சொல்ல மாட்டாங்க."

சிவஞானம் சொன்னார். குடத்தையும் குக்கரையும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த முகம் வெளுத்துக்கொண்டே போனதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பிறகு அவரால் சொல்லவே முடிந்திருக்காது.

"குண்டு?" என்றார் நாராயணசாமி.

"ஒண்ணு இருந்தது மாமா. அஞ்சாவது ஓட்டையில."

"அவளுக்குத் தெரியுமா?"

"இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அப்பிடியே இருக்கட்டும்." உள்ளங்கை இரண்டையும் தொடைமேல் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்தவன் நான். அதுல போட்டவனும் நான்தான். ஒண்ணுகூட நெனப்பு வரலியே சிவா."

அன்றைக்கே சேட்டைக் கூப்பிட்டு, லைசென்ஸை ஒப்படைக்கிறேன், ஆயுதத்தை ஸ்டேஷனில் சேர்த்துவிடுங்கள் என்று தமிழிலும் இந்தியிலுமாகச் சொன்னார். சேட் டைப் அடித்துக் கொடுத்த காகிதத்தில் நிதானமாக, முழுப்பெயரும் தகப்பனார் பெயருமாகக் கையெழுத்துப் போட்டார். சிவஞானம் அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். நாராயணசாமி இறங்கும்போது, "ஸ்ரீகாந்துக்கு நானே சொல்றேன். இன்னிக்கே சொல்லிடறேன்" என்றார்.

சொல்லவில்லை. அன்று சாயங்காலத்துக்குள்ளேயே அந்த நினைப்பு அவரிடமிருந்து போய்விட்டது.

பத்து நாள் கழித்து மறுபடியும் கடைக்கு வந்தார். "ஆச்சாடா என் பீஸு?"

சிவஞானம் ஃபைலைத் திறந்து காகிதத்தைக் காட்டினார். உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று அவருக்குத் தோன்றியது. நாராயணசாமி ஒருதரம் படித்தார். இன்னொருதரம் படித்தார்.

"இது என் கையெழுத்துதான். நான் எதுக்குக் குடுத்தேன்?"

சொல்லவேண்டியதாயிற்று. இந்தத் தடவை அவர் அமைதியாக இல்லை. "கனகத்தயா? நானா?" என்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் சரிந்தார். சேட் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். முதல்தரம் கேட்பவருக்கு எப்படி இருக்குமோ அப்படியேதான் இருந்தது அவருக்கு. அடுத்த தடவையும் அப்படித்தான் இருக்கும் என்பது சிவஞானத்துக்குப் புரிந்தது.

அன்று சிவஞானமே ஸ்ரீகாந்துக்குப் போன் பண்ணினார். அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து, டாக்டரிடம் காட்டி, மாத்திரை எழுதி வாங்கி, நர்ஸுக்கு ஏற்பாடு செய்தான். கனகம் நர்ஸ் வேண்டாம் என்று இரண்டாம் நாளே அனுப்பிவிட்டாள். நாராயணசாமியைத் தனியாக வெளியே விட முடியாது என்று ஆனதும், அவர் கடைக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற நாளில் அவளே ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தாள். கடைக்குள் வரமாட்டாள். ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பாள்.

புரட்டாசியில் ஒரு நாள் அப்படி வந்தார்கள். வெளியே பிசுபிசுவென்று தூறல். நாராயணசாமி முக்காலியில் உட்கார்ந்து மேஜையைச் சுற்றிப் பார்த்தார்.

"என் பீஸு இன்னும் முடியலியா?"

"இல்ல மாமா" என்றார் சிவஞானம். "மெயின் ஸ்ப்ரிங் வரணும். ஆர்டர் போட்டிருக்கேன்."

அவர் வாழ்நாளில் எந்தக் கஸ்டமரிடமும் பொய்யாக நாள் சொன்னதில்லை.

"எப்ப வரும்?"

"அடுத்த வாரம் வந்துரும்."

"பரவால்ல, நிதானமா பண்ணு. வேலை சுத்தமா இருக்கணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ரொம்ப இழுக்காத. வூட்டுல யாரோ ஒரு வயசான பொம்பள உள்ள வந்து தங்கிட்டிருக்கா. சமைக்கிறா, பெருக்குறா, மாத்திரை முழுங்குன்றா. பாவமாத்தான் இருக்குது பாக்க. யாரு என்னான்னு ஒண்ணும் தெரியல. கனகம் தனியா இருக்கிற வூடுடா."

"சரி மாமா. சீக்கிரம் பண்ணிடறேன்."

கையைப் பிடித்து அவரை வாசலுக்குக் கூட்டி வந்தார். ஆட்டோக்காரன் பிளாஸ்டிக் திரையைத் தூக்கினான். உள்ளே கனகம் மடியில் ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவஞானம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நாராயணசாமி ஒரு காலை உள்ளே வைத்தார். யாரோ ஒருத்தி ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்றார் மரியாதையாக.

கனகம் தள்ளி உட்கார்ந்தாள்.